அட்டையில் அச்சாகாத அடுத்த வசனம்

கடிதம்

ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 39 வயது. பேரணாம்பட்டில் இருக்கிறோம். என் கணவர் ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் பதினெட்டு வருஷம் கட்டிங் வேலை பார்த்தவர். போன டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் புது வருஷத்துக்கென்று ஆளுக்கொரு வேத வசனம் எடுக்கிற வாக்குத்தத்த அட்டையில், அவருக்கு "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார், நீங்கள் சும்மாயிருப்பீர்கள்" என்று வந்தது. ஜனவரியில், வயதில் சின்னவரான ஒரு புது சூப்பர்வைசர், தோல் வீணாகிறது என்று எல்லார் முன்னாலும் திட்டிவிட்டார். அன்றைக்கே வேலையை விட்டுவிட்டு வந்தவர்தான், ஐந்து மாதமாக வீட்டில் இருக்கிறார். அட்டை பீரோவில் ஒட்டியிருக்கிறது. கேட்டால் அதைக் காட்டுகிறார். பகல் பத்து மணிக்கு எழுகிறார், ராத்திரி இரண்டு மணிக்கு மொட்டை மாடியில் நடக்கிறார். டீக்கடைக்குக்கூடப் போவதில்லை.

நான் நாலரைக்கு எழுந்து சமைத்துவிட்டு, கம்பெனி பஸ் பிடித்து, ஷூவின் மேல்பாகமான அப்பர் தைக்கப் போகிறேன். ஓவர்டைம் பார்த்தால் "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில் உன் பிரயாசம் விருதா" என்கிறார். நகை பேங்கில் இருக்கிறது. குழுக் கடனுக்கு வாராவாரம் தவணை. மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள். கல்லூரிக்கு விண்ணப்பிக்க இன்னும் சில நாள்தான் இருக்கிறது. "சீட்டைக் கர்த்தர் கொடுப்பார், நீ ஏன் ஓடுகிறாய்" என்கிறார். என் அண்ணனோ, "தனக்கு உதவிக்கொள்கிறவனுக்குத்தான் கடவுளும் உதவுவார்னு பைபிளிலேயே இருக்கு" என்று அவரோடு சண்டை போடுகிறார்.

வேலைக்குப் போங்கள் என்று நான் கேட்பது அவிசுவாசமா ஐயா? கடவுள் செய்வது எதுவரை, நாம் செய்வது எதுவரை?

பதில்

சகோதரிக்கு ஸ்தோத்திரம்.

முதலில் அவசரமான காரியம். மகளின் விண்ணப்பத்தை இன்றைக்கே போட்டுவிடுங்கள். என் பதிலின் மிச்சத்தை அப்புறம் படிக்கலாம், அதற்குக் கடைசி தேதி இல்லை. மார்க் ஷீட், டி.சி., சாதிச் சான்றிதழ், ஆதார் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மகளோடு இ-சேவை மையத்துக்குப் போங்கள். உங்கள் வீட்டில் பட்டம் படிக்கப்போகிற முதல் ஆள் அவள்தான் என்றால், முதல் பட்டதாரி சான்றிதழுக்கும் அங்கேயே மனு கொடுத்துவிடுங்கள். தொழிற்கல்வி கிடைத்தால் கட்டணத்தில் அது உதவும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப் பெண் திட்டத்தைப் பற்றியும் சேருகிற கல்லூரியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணவர் சம்மதிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அவருக்குத் தெரியாமலும் போக வேண்டாம். "விண்ணப்பம் போடப் போகிறோம், நீங்கள் ஜெபம்பண்ணிக்கொண்டிருங்கள்" என்று சொல்லிவிட்டே கிளம்புங்கள். அவர் ஜெபத்துக்குப் பதில் வந்து சேர ஒரு முகவரி வேண்டுமே. மனுவே போடாத பிள்ளைக்கு எந்தக் கல்லூரி சீட் கொடுக்கும்?

இனி அந்த அட்டை.

அந்த மாதிரி அட்டைகளை முப்பது வருஷம் தயார் செய்தவன் நான். டிசம்பர் பிறந்ததும் நாலைந்து பேர் உட்கார்ந்து வேதாகமத்தைப் புரட்டி வசனம் பொறுக்குவோம். அச்சகத்துக்காரர் ஒரு அட்டைக்கு இரண்டு வரிதான் இடம் என்பார். நீளமான வசனத்தை வெட்டுவோம். கண்டிப்பான வசனங்களை எடுக்கவே மாட்டோம். புத்தாண்டு ராத்திரி புதுத்துணி உடுத்திக்கொண்டு வருகிறவர் கையில் "சோம்பேறியே, நீ எறும்பினிடத்தில் போய்" என்று வந்தால் யாருக்குப் பிடிக்கும்? ஒரு வருஷம் வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவன் குறும்புக்கு அதையும் கட்டுக்குள் சொருகிவிட்டான். அது போய்ச் சேர்ந்தது சபைப் பொருளாளர் கையில். ஈஸ்டர் வரை அவர் என்னோடு சரியாகப் பேசவில்லை.

"கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார்" எல்லா வருஷமும் அட்டைக் கட்டுக்குள் இருக்கும். உங்கள் கணவர் எடுத்த அட்டை நான் அச்சடித்ததாக இருக்காது. ஆனாலும் வசனத்தைத் துண்டுபோட்டு ஜனங்களின் கையில் கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன். அவரைக் குறைசொல்லுமுன் அதைச் சொல்லிவிட வேண்டும்.

அது யாத்திராகமம் 14:14. முன்னால் கடல், பின்னால் பார்வோனின் ரதங்கள். ஜனங்கள் மோசேயைப் பிடித்துக்கொண்டு, எகிப்தில் பிரேதக்குழி இல்லையென்றா வனாந்தரத்தில் சாக எங்களைக் கூட்டிவந்தீர் என்று கூப்பாடு போடுகிறார்கள். அந்தக் கூப்பாட்டுக்குத்தான் மோசே, "கர்த்தர் உங்களுக்காக யுத்தம்பண்ணுவார்; நீங்கள் சும்மாயிருப்பீர்கள்" என்று பதில் சொல்கிறார். இங்கே நம் தமிழ் ஒரு வேடிக்கை பண்ணுகிறது. "சும்மா இரு" என்றால் வேலை செய்யாமல் இரு என்றும் அர்த்தம், வாயை மூடிக்கொண்டு இரு என்றும் அர்த்தம். அழுது அடம்பிடிக்கிற குழந்தையிடம் "சும்மா இருடா" என்கிறோமே, அது இரண்டாவது. மூலத்தில் இருக்கிற எபிரெயச் சொல்லும் வாயைப் பற்றியதுதான், மௌனமாயிருப்பது என்று பொருள். கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள் என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

சந்தேகம் இருந்தால் அடுத்த வசனத்தைப் பாருங்கள். 14:15. "அப்பொழுது கர்த்தர் மோசேயை நோக்கி: நீ என்னிடத்தில் முறையிடுகிறது என்ன? புறப்பட்டுப் போங்கள் என்று இஸ்ரவேல் புத்திரருக்குச் சொல்லு." நான் ஊழியத்துக்கு வந்து எத்தனையோ வருஷம் கழித்துத்தான் இது உறைத்தது. ஜெபம்பண்ணிக்கொண்டிருக்கிற மனுஷனைப் பார்த்துக் கடவுளே, ஜெபம் போதும், நட என்கிறார். அப்புறம் இராமுழுவதும் கீழ்காற்று அடிக்கிறது, தண்ணீர் பிளக்கிறது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட மோசே பிளக்கவில்லை. ஆனால் இரண்டு பக்கமும் மதிலாக நிற்கிற தண்ணீருக்கு நடுவே பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஆடுமாடுகளை ஓட்டிக்கொண்டு ஜனங்கள் நடந்தார்கள். அந்த நடையை அவர்களுக்குப் பதிலாகக் கடவுள் நடக்கவில்லை. யுத்தம் அவருடையது, கால் இவர்களுடையது.

இந்த 15ஆம் வசனத்தை நான் ஒரு வருஷமும் அட்டையில் போட்டதில்லை.

127ஆம் சங்கீதத்துக்கு வருகிறேன். "கர்த்தர் வீட்டைக் கட்டாராகில், அதைக் கட்டுகிறவர்களின் பிரயாசம் விருதா." அதன் தலைப்பில் சாலொமோனின் பெயர் இருக்கிறது. எருசலேமில் ஏழு வருஷம் கல்லும் மரமுமாக ஆலயம் கட்டிய ராஜாவின் பெயர். கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பு என்று அவர் பெயரிலா ஒரு பாட்டு இருக்கும்? கட்டிக்கொண்டிருக்கிறவனிடம், இது உன் கையால் மட்டும் நிற்கிறது என்று நினைத்துக்கொள்ளாதே என்கிறது அந்த வசனம். ஒரு செங்கல்கூட எடுத்துவைக்காதவர் அதை எடுத்து அடுத்தவர் மேல் வீசக் கூடாது.

இங்கேயும் அடுத்த வசனம் ஒன்று இருக்கிறது. அது உங்களுக்கு. "நீங்கள் அதிகாலையில் எழுந்து, நேரப்பட்டு வேலையிலே தரித்து, வருத்தத்தின் அப்பத்தைச் சாப்பிடுகிறதும் விருதா, அவரே தமக்குப் பிரியமானவனுக்கு நித்திரை அளிக்கிறார்." நாலரைக்கு எழுகிறீர்கள், ஓவர்டைம் வேறு. எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, நானே யூகித்துக்கொண்டேன். முழுப் பாரமும் என் தலைமேல்தான் என்று ஓடுவதும் ஒருவகையில், எல்லாம் அவர் பார்த்துக்கொள்வார் என்று படுத்துக்கொள்வதற்கு அண்ணன் தம்பி முறைதான். வாரத்தில் இரண்டு நாளாவது ஓவர்டைமை விடுங்கள். அந்த நாட்களில் சாயங்காலச் சமையலை மகளும் அப்பாவும் பார்த்துக்கொள்ளட்டும். வேதத்தில் ஆண்பிள்ளை அடுப்படிக்குப் போகக் கூடாது என்று எங்கும் இல்லை. உயிர்த்தெழுந்த ஆண்டவரே திபேரியா கடற்கரையில் கரிநெருப்புப் போட்டு, மீன் வைத்து, "வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்" என்று சீஷர்களைக் கூப்பிட்டிருக்கிறார்.

உங்கள் அண்ணனுக்கு ஒரு வார்த்தை. அவர் சொல்லும் வாக்கியம் பைபிளில் இல்லை. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை தேடினாலும் கிடைக்காது. சேற்றில் மாட்டிக்கொண்ட வண்டிக்காரன் சாமியைக் கூப்பிட்ட ஈசாப் கதையில் அந்தக் கருத்து இருக்கிறது, 1736இல் அமெரிக்காவில் பெஞ்சமின் பிராங்க்ளின் தன் பஞ்சாங்கத்தில் அதைப் பழமொழியாகப் போட்டார். நல்ல பழமொழிதான், உழைக்கச் சொல்கிறது. ஆனால் அதைச் சுவிசேஷம் என்று எடுத்துக்கொண்டால், தனக்கு உதவிக்கொள்ள முடியாதவன் எங்கே போவான்? "நாம் பெலனற்றவர்களாயிருக்கும்போதே" கிறிஸ்து நமக்காக மரித்தார் என்று ரோமர் 5:6 சொல்கிறது. பெலன் வந்த பிறகு வருகிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை. அண்ணன் நல்ல எண்ணத்தில்தான் பேசுகிறார். ஆனால் மச்சான் நொந்துபோயிருக்கும் நேரத்தில் அவர் பேசுவது உப்பு வைத்த மாதிரி. கொஞ்ச நாளைக்கு அந்தப் பேச்சை எடுக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவையுங்கள்.

சரி, "எதுவரை" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குத்தான் நான் ரொம்ப யோசித்தேன்.

இந்தக் கேள்வி உங்கள் வீட்டில் பிறந்ததல்ல. ஐந்தாம் நூற்றாண்டில் அகுஸ்தீன், பெலேகியு என்ற இரண்டு கிறிஸ்தவ போதகர்கள் இதற்காகத்தான் மோதினார்கள். அவ்வளவு தூரம் போவானேன், பக்கத்தில் காஞ்சிபுரத்துக்குப் போனாலே போதும். ஸ்ரீவைஷ்ணவத்தில் வடகலை, தென்கலை இரண்டுக்கும் இடையே இருக்கும் வாதங்களில் இதுவும் ஒன்று. குரங்குக்குட்டி தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும், பிடியை விட்டால் விழுந்துவிடும். பூனைக்குட்டி ஒன்றும் செய்ய வேண்டாம், தாய் வந்து கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். பக்தன் குரங்குக்குட்டி மாதிரியா, பூனைக்குட்டி மாதிரியா? பல தலைமுறையாகப் பேசித் தீராத வழக்கு. உங்கள் அண்ணன் குரங்குக்குட்டிக் கட்சி, கணவர் பூனைக்குட்டிக் கட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பவுல் என்ன சொல்கிறார்? பிலிப்பியர் 2:12இல் "அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்" என்கிறார். அண்ணன் கட்சி ஜெயித்துவிட்டது என்று நினைப்பதற்குள் 13ஆம் வசனம்: "ஏனெனில் தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்." நடுவில் "ஆனாலும்" என்று வந்திருந்தால் ஆளுக்குப் பாதி என்று பாகம் பிரித்துக்கொள்ளலாம். பவுல் "ஏனெனில்" என்கிறார். அவர் உனக்குள் வேலை செய்கிறார், அதனால்தான் நீ வேலை செய் என்கிறார். நிலத்தைப் பங்கு போடுவது மாதிரி நடுவில் கல் நட்டு, இந்தப் பக்கம் கடவுளுடையது, அந்தப் பக்கம் என்னுடையது என்று அளக்கிற இடமே இது இல்லை. அதனால் "எதுவரை" என்பதற்கு என்னிடம் அளவு இல்லை சகோதரி. கோடே இல்லாத இடத்தில் நான் எங்கே கோடு கிழிப்பது?

பாலாற்றை நீங்கள் தினமும் பஸ்ஸில் கடக்கிறவர்களாக இருக்கலாம். என் சின்ன வயதில் கோடையில் ஆற்று மணலில் ஊற்று தோண்டுவோம். முழங்கை ஆழம் கையால் மணலை வாரிப்போட்டால் அடியில் ஈரம் தட்டும். கொஞ்சம் பொறுத்தால் கலங்கலாகத் தண்ணீர் ஊறும். அதை இரண்டு தரம் இறைத்து ஊற்றிவிட்டால் தெளிந்த தண்ணீர் வரும். தேங்காய் ஓட்டால் மொண்டு குடத்தில் ஊற்றுவோம். அந்தத் தண்ணீரை நான் உண்டாக்கினேனா? இல்லை. நான் தோண்டாமல் அது என் குடத்துக்கு வந்திருக்குமா? அதுவும் இல்லை. அதில் எனக்கு எத்தனை பங்கு என்று அந்த வயதில் யாரும் கேட்கவில்லை, தாகமாக இருந்தது, குடித்தோம். 2 இராஜாக்கள் 3ஆம் அதிகாரத்தில் தண்ணீர் இல்லாமல் தவிக்கிற மூன்று ராஜாக்களுக்கு எலிசா தீர்க்கதரிசி சொன்னதும் இதுதான். பள்ளத்தாக்கெங்கும் வாய்க்கால்களை வெட்டுங்கள், காற்றையும் காணமாட்டீர்கள், மழையையும் காணமாட்டீர்கள், ஆனாலும் தண்ணீர் நிரம்பும் என்றார். வெட்டியது அவர்கள் கை. விடியற்காலம் வந்த தண்ணீர் அவர்கள் கையில் இல்லாதது.

நம் வட ஆற்காட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்கக் கூடாது. 1853இல் ஆற்காடு மிஷனைத் தொடங்கிய ஸ்கடர் சகோதரர்கள் அமெரிக்க சீர்திருத்தத் திருச்சபைக்காரர்கள், கால்வின் வழி வந்தவர்கள். எல்லாம் தேவனுடைய முன்குறிப்பு, அவர் முன்பே தீர்மானித்தது என்று மற்ற யாரையும்விட அழுத்திச் சொன்ன சபை அது. அப்படி நம்பினவர்கள் நியாயப்படி பார்த்தால் ஈசிசேரில் சாய்ந்திருக்க வேண்டும். ஆனால் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி, ஊர் ஊராகப் பள்ளிக்கூடம் என்று ஓய்வில்லாமல் கட்டினார்கள். ஐடா ஸ்கடர் கதையைச் சொல்லாத போதகர் வேலூரில் இல்லை, நானும் நூறு தரம் சொல்லியிருப்பேன். திண்டிவனத்தில் ஒரே ராத்திரி மூன்று வீட்டு ஆண்கள் கதவைத் தட்டி, பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்கப் பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்த ராத்திரி ஐடா ஜெபித்தார் என்பதைச் சொல்லும்போது எங்கள் குரல் தழுதழுக்கும். அடுத்து நடந்ததை வேகமாகச் சொல்லிவிட்டுப் போய்விடுவோம். அவர் கப்பலேறிப் போய், வருஷக்கணக்கில் உடற்கூறும் மருந்தும் படித்து, 1899இல் பட்டம் வாங்கி, 1900இல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு, பிற்பாடு சி.எம்.சி. ஆஸ்பத்திரியாக வளர்ந்த வேலையைத் தொடங்கினார். அவர் ஜெபத்துக்கு வந்த பதிலில் பரீட்சைகளும் இருந்தன.

உங்கள் கணவருக்குத் தோலும் கத்தியும் தெரியும். அவரோடு பேச அப்போஸ்தலர் புத்தகத்தில் நல்ல இடங்கள் இருக்கின்றன. யோப்பாவில் பேதுரு அநேக நாள் தங்கியது தோல் பதனிடுகிற சீமோன் என்பவன் வீட்டில். அந்த நாற்றம் எப்படி இருக்கும் என்று ராணிப்பேட்டை, வாணியம்பாடி ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பவுல் கூடாரம் பண்ணுகிற தொழிலாளி. அது தோல் வேலைதான் என்று சொல்கிற வேத பண்டிதர்களும் உண்டு. ஊழியக்காரர்தானே, சபையாரிடம் கையை நீட்டியிருக்கலாம். அவரோ எபேசுவின் மூப்பர்களிடம், "என் தேவைகளுக்காகவும் என்னுடனேகூட இருந்தவர்களுடைய தேவைகளுக்காகவும்" வேலை செய்தது இந்தக் கைகளே என்று கையைக் காட்டுகிறார். காய்ப்பு ஏறிய கையாக இருந்திருக்கும்.

வேலை செய்யாதவன் சாப்பிடக் கூடாது என்கிற வசனத்தை எடுத்து அவர் முன் வைக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம், இல்லாவிட்டால் அண்ணன் எடுத்துக் கொடுப்பார். வேண்டாம். அந்த வசனத்தைச் சரியாகப் படியுங்கள். 2 தெசலோனிக்கேயர் 3:10, "ஒருவன் வேலைசெய்ய மனதில்லாதிருந்தால்" என்கிறது. முடியாதிருந்தால் என்று இல்லை. உங்கள் கணவருக்கு மனது இல்லையா, முடியவில்லையா என்பதுதான் இந்தக் கடிதத்தில் என்னைக் குடைகிற கேள்வி.

பதினெட்டு வருஷம் ஒரு மனுஷன் தோலைப் பார்த்துப் பார்த்து வெட்டியிருக்கிறார். முள் கீறின தழும்பு எங்கே, வயிற்றுப் பக்கம் தளர்ந்த தோல் எங்கே, எந்தப் பக்கம் இழுத்தால் நீளும் என்று விரலால் தடவிப் பார்த்து, அதையெல்லாம் தவிர்த்து டை என்கிற வெட்டும் அச்சை வைப்பது லேசான வேலை இல்லை. அப்படிப்பட்டவரை, தோலை வீணாக்குகிறாய் என்று ஒரு சின்னப் பையன் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான். நீங்கள் அட்டையைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறீர்கள், இதைப் பற்றி ஒரே வரி. எனக்கு என்னவோ அந்த ஒரு வரியில்தான் வியாதி இருக்கிறது என்று படுகிறது. அட்டை, புண்ணின் மேல் ஒட்டின பிளாஸ்திரி. பகலில் தூக்கம், நடுராத்திரி நடை, டீக்கடைக்குக்கூடப் போகாமல் ஒதுங்குவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் சோம்பேறித்தனமாக எனக்குத் தெரியவில்லை. மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதை ஒரு மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும், நான் சொல்ல முடியாது.

எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு, ராணி யேசபேலின் ஒரு மிரட்டலில் ஓடிப்போய்ச் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்கிறார். அப்போது தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை, உன் விசுவாசம் எங்கே என்று கேட்கவில்லை. தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு அவர் திரும்பவும் படுத்துக்கொள்கிறார். தூதன் இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடவைக்கிறான். "இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி அதற்கப்புறம், நாற்பது நாள் கழித்துத்தான் வருகிறது. கேள்வி கட்டாயம் வந்தது, எலியா திரும்பி வேலைக்குப் போனார். ஆனால் முதலில் சாப்பாடு, தூக்கம்.

அதனால் அவரை வேலைக்கு அனுப்புமுன் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம் இருக்கிறது. செலவு பயமாக இருந்தால் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனநலம் என்ற பெயரைக் கேட்டதும் "எனக்கென்ன பைத்தியமா" என்பார். ராத்திரித் தூக்கம் வரவில்லை, அதற்குப் பார்க்கலாம் என்று கூப்பிடுங்கள், அது பொய்யும் இல்லை. சாக வேண்டும்போல் இருக்கிறது என்கிற மாதிரி ஒரு பேச்சு வந்தால் மட்டும் ஒரு நாளும் தள்ளாதீர்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்று அவருடைய ஜெபக்குழுவில் யாராவது சொன்னால், தீமோத்தேயுவின் வயிற்றுக்காகவும் அடிக்கடி வருகிற பலவீனங்களுக்காகவும் பவுல் மருந்தாகக் கொஞ்சம் திராட்சரசம் எழுதிக்கொடுத்ததை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள். 1 தீமோத்தேயு 5:23.

ஜெபக்குழு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். கலாத்தியர் 6ஆம் அதிகாரம் 2ஆம் வசனத்தில் "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து" என்று இருக்கிறது. 5ஆம் வசனத்தில் "அவனவன் தன்தன் பாரத்தைச் சுமப்பானே" என்று இருக்கிறது. தமிழில் இரண்டுமே பாரம்தான், படிக்கிறவனுக்குக் குழப்பம். கிரேக்கத்தில் இரண்டு சொல். முதலாவது, ஆளை அமுக்கிவிடுகிற பளு. இரண்டாவது, அவனவன் தோளில் போட்டுக்கொண்டு போகிற மூட்டை. "என் சுமை இலகுவாயும் இருக்கிறது" என்று ஆண்டவர் சொன்னபோது மத்தேயு எழுதியது இந்த இரண்டாவது சொல்லைத்தான். உங்கள் வீட்டில் மகளின் விண்ணப்பம், சமையல், அவர் மருந்து எடுத்துக்கொள்வது இதெல்லாம் அவரவர் மூட்டை. கடனும் அவருடைய இருட்டும் பளு. அதற்கு நாலு தோள் வேண்டும். உங்களுக்காக ஜெபிக்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: எங்களோடு ஆஸ்பத்திரிக்கு ஒருவர் வருவீர்களா, இவருக்கு வேறு கம்பெனியில் யாரையாவது தெரியுமா என்று. நான் வாலிபனாக இருந்தபோது வேலை இல்லாத ஒருவர் என்னிடம் வந்தார். உருக்கமாக ஜெபித்து அனுப்பினேன். அவருக்கு வேலை கொடுக்கக்கூடிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும், நாலு தெரு தள்ளித்தான் இருந்தார். வெயிலாக இருந்தது, போகவில்லை. ஜெபத்தைக் குடையாகப் பிடித்துக்கொண்டு ஒதுங்குகிறவர்கள் உங்கள் வீட்டில் மட்டும் இல்லை.

கடன் விவகாரம் என் துறை இல்லை, ஒன்றே ஒன்று சொல்கிறேன். தவணை கேட்டு வருகிறவர்கள் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கூப்பிடவோ வீட்டுக்கு வரவோ கூடாது என்று சிறுகடன்களுக்கு ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. இந்தத் தவணையைக் கட்ட இன்னொரு குழுவில் புதுக் கடன் எடுக்காதீர்கள்.

கடனில் சிக்கின ஒரு வீட்டை வேதமும் காட்டுகிறது, 2 இராஜாக்கள் 4. கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போக வந்துவிட்டான். விதவை எலிசாவிடம் அழுகிறாள். எலிசா கேட்டது: "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது சொல்." ஒரு குடம் எண்ணெய். அயல்வீடுகளில் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கு, கொஞ்சமாக வாங்காதே, கதவைப் பூட்டிக்கொண்டு வார் என்கிறார். எண்ணெய் பெருகியது. அது அற்புதம். பிறகு, "நீ போய் அந்த எண்ணெயை விற்று, உன் கடனைத் தீர்த்து" என்கிறார். அற்புதம் நடந்த பிறகும் அவள் சந்தைக்குப் போய் விலை பேச வேண்டியிருந்தது.

உங்கள் கணவர் தூங்கி எழுந்து, கொஞ்சம் முகம் தெளிந்த ஒரு நாளில் அவரிடம் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். ஏன் வேலைக்குப் போகவில்லை என்று கேட்காதீர்கள், அது ஐந்து மாதமாகக் கேட்டுச் சலித்த கேள்வி. "நம்ம வீட்டில் என்ன இருக்கிறது, சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் பட்டியல் போடட்டும். பதினெட்டு வருஷக் கைப்பழக்கத்தை அவர் விட்டுவிட்டால் நீங்கள் எடுத்துச் சொல்லுங்கள். அதே கம்பெனிக்குப் போகாவிட்டால் என்ன, தெரிந்த கட்டர் ஒருவருக்கு எங்கேயும் தேவை இருக்கும். பெல்ட், பர்ஸ் என்று சின்னதாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், பாதி நாள் வேலையில் தொடங்கலாம். பீரோவில் இருக்கிற அட்டையைக் கிழித்துவிடாதீர்கள், அது அவர் பிடித்துக்கொண்டிருக்கிற கயிறு. அதன் கீழே 15ஆம் வசனத்தை மகளை விட்டு அழகாக எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.

நீங்கள் கேட்டது அவிசுவாசம் இல்லை.

விண்ணப்பம் போட்டதும் ஒரு வரி எழுதுங்கள், அன்று ராத்திரி வீட்டு ஜெபத்தில் நானும் என் மனைவியும் மகளின் பெயரைச் சொல்கிறோம். சாதிச் சான்றிதழ் மறந்துவிடாதீர்கள், பாதிப் பேர் அதற்காகத்தான் இரண்டாம் தரம் அலைகிறார்கள்.